ஆறாவது இறக்கை

சீடனுக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்து நான்கு. சங்குமுனைக் கடற்கரையில் இது பலருக்குச் சிரிப்பாக இருந்தது.

ரூபஸ் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். முதுகில் வட்டு விலகியது. இனி வலை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை விட்டு இறங்கியவர் மறுநாள் டெக்லாவின் பட்டறை வாசலில் போய் நின்றார். அந்தக் கரையில் படகு மோட்டார்களுக்கு இருந்த ஒரே பட்டறை அது.

“என்னண்ணே, இன்ஜின் ரிப்பேரா?”

“இல்ல. வேலை கத்துக்கணும்.”

டெக்லா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். “என்னைய எப்படிக் கூப்பிடுவீங்க?”

“நீ எப்படிச் சொல்லுதியோ அப்படி.”

“பட்டறைக்குள்ள மேஸ்திரி. வெளிய டெக்லா.”

“சரி மேஸ்திரி.”

அவள் அதிகம் பேசிக் கற்றுக்கொடுக்கிறவள் இல்லை. முதல் மாதம் ஒரு கேள்வி கேட்டாள்.

“இன்ஜின் சூடாவுதுன்னு ஒருத்தர் கொண்டு வாராரு. முதல்ல எதப் பாப்பீங்க?”

“பீச்சுற தண்ணிய.”

படகின் பின்னால் மாட்டும் மோட்டார் கடல் தண்ணீரைக் கீழே உறிஞ்சி மேலே ஏற்றித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் தண்ணீர் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே பீச்சும். கடலுக்குப் போகிறவர்களின் கண் எப்போதும் அதன் மேல்தான் இருக்கும். “கழுத மூத்திரம் கணக்கா போவுது, கவலை இல்ல” என்று சிரித்துக்கொள்வார்கள்.

“அது கடைசி. தண்ணி எந்த வழியாப் போவுதோ அந்த வழியா நீங்களும் போங்க. கீழ சல்லடை. அங்க பாலித்தீன் பை ஒட்டியிருக்கும், பாசி அடைச்சிருக்கும். பெறகு இம்பெல்லர். பெறகு குழாய். பெறகு இன்ஜின் தலை.”

இம்பெல்லர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். ஆறு இறக்கைகள். அது சுற்றித்தான் தண்ணீரை மேலே தள்ளும். மணல் ஏறினால் இறக்கை கிழியும். டெக்லாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சக்கரத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து இறக்கைகளை எண்ண வேண்டும். ஆறும் இருந்தால் சரி. ஒன்று குறைந்தாலும், அந்தத் துண்டு கிடைக்கும்வரை இன்ஜின் வெளியே போகாது.

ஒருமுறை ஒரு துண்டைத் தேட இரண்டு நாள் ஆனது. படகுக்காரர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். டெக்லா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தாள்.

“அது போற போக்குல எங்கயாவது போயிருக்கும் மேஸ்திரி,” என்றார் ரூபஸ்.

“போற போக்குல எங்க போவும்? உள்ளதான் போவும்.”

இப்படி இரண்டு வருடம் போனது.

கஸ்பார் என்பவன் ரூபஸின் பக்கத்துத் தெரு. நிதானமானவன். அவன் மனைவி ரீத்தாவின் தம்பி தோபியாஸ் அவனோடுதான் கடலுக்குப் போவான். தோபியாஸின் வாய் சும்மா இருக்காது. ரூபஸைப் பார்த்தால் அதற்குத் திருவிழா.

“என்ன மாமா, மேஸ்திரியம்மா இன்னைக்கு எத்தன தோப்புக்கரணம் போடச் சொன்னாவ?”

கரையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ரூபஸும் சிரிப்பார். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நிற்கும்.

நெத்திலி வரத்து நன்றாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. டெக்லா சாமான் வாங்க தூத்துக்குடிக்குப் போயிருந்தாள். கஸ்பாரும் தோபியாஸும் இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“தண்ணி நூல் கணக்கா வருதுண்ணே. தலை கொதிக்கு.”

ரூபஸ் சல்லடையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கீழ்ப்பாகத்தைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுத்தார். தட்டில் வைத்தார். எண்ணினார்.

ஐந்து.

ஆறாவது இறக்கை அடியோடு பிய்ந்து போயிருந்தது. சக்கரம் இருந்த கூட்டுக்குள் விரல் விட்டுத் தடவினார். இல்லை. குழாயை உருவித் தட்டினார். வாய் வைத்து ஊதினார். இல்லை. இனி தலையைத்தான் திறக்க வேண்டும். உப்பேறிய போல்ட்டுகள். ஒன்று முறிந்தாலும் வேலை இரண்டு நாளுக்கு இழுக்கும்.

“என்ன மாமா, குறி பாக்குறவன் மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீரு?” என்றான் தோபியாஸ். “மேஸ்திரியம்மா பஸ்ஸ விட்டு எறங்கி வந்து தொட்டாத்தான் ஓடுமோ? அப்ப நீரு எதுக்கு வே இங்க, டீ வாங்கவா?”

“சும்மா கெட லே,” என்றான் கஸ்பார். “அண்ணே, டெக்லா வரணும்னா சொல்லுங்க. நாங்க ஒருநாள் கழிச்சுப் போறோம். அவசரம் ஒண்ணும் இல்ல.”

ரூபஸ் தட்டைப் பார்த்தார். பிறகு புது இம்பெல்லரை எடுத்து மாட்டினார். இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தார். பீச்சிய தண்ணீர் பட்டறைத் தகரத்தில் போய் அடித்தது. தோபியாஸ் விசில் அடித்தான்.

“மாமா மேஸ்திரி ஆயிட்டாரு!”

அந்தச் சத்தம் ரூபஸுக்குப் பிடித்திருந்தது.

கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை. “உள்ள எல்லாம் பாத்தாச்சாண்ணே?”

“பாத்தாச்சு,” என்றார் ரூபஸ்.

அவர்கள் போன பிறகு பழைய சக்கரத்தைக் குப்பையில் போட்டார். சாயங்காலம் டெக்லா வந்ததும், “கஸ்பாரு இன்ஜின்ல என்ன?” என்று கேட்டாள்.

“இம்பெல்லர் போயிருந்துச்சு. மாத்திட்டேன்.”

டெக்லா தலையை ஆட்டினாள். எண்ணினீர்களா என்று கேட்கவில்லை. அவரிடம் அதைக் கேட்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

சனிக்கிழமை போன கஸ்பாரின் படகு அன்று திரும்பவில்லை. ஞாயிறும் வரவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடப் போயின. முதுகு வலியோடு ரூபஸும் ஒரு படகில் ஏறிக்கொண்டார். திங்கள் மதியம் பக்கத்து ஊர்க்காரர்கள் தோபியாஸைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டான பார் ஓரம் மிதந்திருக்கிறான். கஸ்பார் செவ்வாய்க்கிழமை தானாகக் கரை ஒதுங்கினான். கைலியை வைத்துத்தான் ரீத்தா அடையாளம் சொன்னாள்.

தோபியாஸ் நடந்ததைச் சொன்னான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டது. தலையில் கை வைக்க முடியாத சூடு. காற்று ஏறியது. நங்கூரக் கயிறு அறுந்தது. படகு பார் மேல் போய்க் கவிழ்ந்தது.

“தண்ணி பீச்சலையா?” என்று கேட்டார்கள்.

“பீச்சுச்சு. கடைசி வரைக்கும் நல்லாத்தான் பீச்சுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

இங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். தண்ணீர் நன்றாக வந்தால் இன்ஜின் எப்படிச் சூடாகும்? ஊர் அதற்கு ஒரு விடை கண்டுபிடித்தது. பெட்ரோலில் ஆயில் கலப்பது தோபியாஸின் வேலை. கலக்க மறந்திருப்பான். ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகியிருக்கும். இப்போது பழியைத் தண்ணீர் மேல் போடத் தெரியாமல் உளறுகிறான். குடித்திருப்பான் என்று ஒருவர் சேர்த்தார். அடுத்த நாள் அவன் குடித்ததைப் பார்த்தவர்களும் வந்துவிட்டார்கள்.

அடக்கத்தன்று தோபியாஸ் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினான். ரீத்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“நீ வராத.”

“அக்கா, நான் ஆயில் ஊத்தினேங்க்கா. ஆண்டவர் மேல சத்தியமா.”

“எம் முகத்துல முழிக்காத.”

அவன் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றான். அதன் பிறகு அவன் வலைக் கொட்டகையில் படுத்தான். யாரும் அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு கேலி வந்து யாரும் கேட்கவில்லை.

கஸ்பாருக்குக் குழி வெட்டியது ரூபஸ். மற்றவர்கள் தடுத்தும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. கடைசியில் நிமிர முடியாமல் அவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். தினமும் காலையில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ரீத்தாவின் வாசலில் வைத்தார்.

“நீங்க ஒருத்தராவது இருக்கீங்களேண்ணே,” என்றாள் ரீத்தா.

அவர் குடத்தை வைத்துவிட்டு வேகமாக நடந்துவிடுவார்.

ஒன்பதாம் நாள் சங்கு குளிக்கிறவர்கள் முங்கி அந்த இன்ஜினைத் தூக்கிவந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் ஆள்விட்டு அதை டெக்லாவின் பட்டறையில் இறக்கினார். அவரும் கூட வந்தார்.

“பாத்துச் சொல்லு தாயி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டம். ஆயில் இல்லாமத்தான் ஓட்டியிருக்கான்னா அவன் இந்த ஊர்ல இருக்க வேண்டாம். ரீத்தாவும் அதையேதான் சொல்லுதா.”

அவர் போனதும் டெக்லா இன்ஜினை மேசைமேல் கிடத்தினாள். போல்ட்டுகளில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். ஒன்று முறிந்தது. மற்றவை வந்தன. ரூபஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு சிலிண்டர்கள். மேலே உள்ளது இறுகிக் கிடந்தது. கீழே உள்ளதில் துருவைத் துடைத்ததும் பளபளப்பு தெரிந்தது.

“ஆயில் இல்லன்னா ரெண்டும் போயிருக்கும்,” என்றாள் டெக்லா. “தோபியாஸ் கலந்திருக்காரு.”



மேல் சிலிண்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் இடுக்கியை விட்டாள். மெதுவாகத் திருகினாள். கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு வந்தது. நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு ஓரம் கருகியிருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

“அன்னைக்கு எத்தன இருந்துச்சு?”

“அஞ்சு.”

“எண்ணினீங்களா, இப்ப யோசிச்சுச் சொல்லுதீங்களா?”

“எண்ணினேன்.”

டெக்லா மண்ணெண்ணெயில் கை கழுவினாள். கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினாள்.

“கூட்டத்துல என்ன சொல்லுவீங்க மேஸ்திரி?”

“தோபியாஸ் மேல தப்பு இல்லன்னு சொல்லுவேன். பெறகு யார் மேலன்னு கேப்பாங்க.”

“கேட்டா?”

“எம் பட்டறை மேலன்னு சொல்லுவேன்.”

“எம் பேரு?”

“அது உங்க வாயில இருக்கு. நான் எடுக்க மாட்டேன்.”

ரூபஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பட்டறைன்னு சொன்னா அவன நம்ப மாட்டாவ மேஸ்திரி. பொம்பளப்புள்ள எரக்கப்பட்டுப் பழிய ஏத்துக்கிடுதுன்னு சொல்லுவாவ. எனக்குத் தெரியும். ஆனா நானும் சும்மா இல்லையே. தேடப் போனேன். குழி வெட்டுனேன். இந்த முதுக வச்சுக்கிட்டுத் தண்ணி சுமக்கேன். கோயில்ல முட்டங்கால் போட்டு அழுவுறேன். சாவுற வரைக்கும் அந்த வீட்டுக்குச் செய்வேன். இது போதாதா?”

பட்டறை மூலையில் டெக்லாவின் சொந்த இன்ஜின் ஒன்று கிடந்தது. கஸ்பாருடைய அதே வகை. அதைத் தூக்கி வைத்துத் தலையைத் திறந்தாள். ஒரு துணித்துண்டைச் சுருட்டி மேல் சிலிண்டரின் தண்ணீர் வழியில் அடைத்தாள். திரும்ப மூடி முடுக்கினாள். டிரம்மில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.

இன்ஜின் ஓடியது. பக்கவாட்டில் தண்ணீர் பீச்சியது.

“தண்ணி எப்படி வருது?”

“நல்லா வருது.”

இருவரும் நின்றார்கள். கொஞ்ச நேரம் போனது.

“இப்ப?”

“நல்லாத்தான் வருது.”

“மேல கை வைங்க.”

ரூபஸ் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். டெக்லா டிரம்மிலிருந்து கையால் கொஞ்சம் தண்ணீர் அள்ளித் தலைமேல் தெளித்தாள். அது சீறி ஆவியாகப் போனது. பக்கவாட்டில் தண்ணீர் அப்படியே பீச்சிக்கொண்டிருந்தது.

“இந்தத் தண்ணி சூட்டுக்குப் போயிட்டு வருதா?”

“இல்ல மேஸ்திரி. அதுக்கு முன்னாலயே பிரிஞ்சு வந்திருது.”

“எவ்வளவு நேரம் வரும்?”

“இன்ஜின் நிக்கிற வரைக்கும்.”

டெக்லா இன்ஜினை நிறுத்தினாள். தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

ரூபஸ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் டெக்லா எழுந்திருப்பதற்கு முன் அவர் எழுந்தார்.

“தோபியாஸ் ஆயில் கலந்திருக்கான். தண்ணி வந்துச்சுன்னு அவன் சொன்னதும் நெசம். இம்பெல்லர்ல ஒரு இறக்கை இல்ல. அது உள்ள கெடக்குன்னு எனக்குத் தெரியும். தேடாம அனுப்பினேன். எல்லாம் பாத்தாச்சான்னு கஸ்பாரு கேட்டான். பாத்தாச்சுன்னு சொன்னேன்.”

பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. “என்ன வே சொல்லுதாரு?” என்று ஒருவர் கத்தினார். ரூபஸ் மறுபடியும் சொன்னார். தலைவர் நம்பாமல், “யோசிச்சுச் சொல்லும்,” என்றார். மூன்றாவது தடவையும் சொன்னார். சுவரோரம் நின்ற தோபியாஸ் அவரைப் பார்க்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

ரீத்தா கூட்டத்துக்கு வரவில்லை. ரூபஸ் அவள் வீட்டுக்கு நடந்து போய் நான்காவது தடவை சொன்னார். காலையில் அவர் வைத்த இரண்டு குடங்களும் வாசலில் இருந்தன. ரீத்தா கேட்டுக்கொண்டே ஒரு குடத்தை எடுத்து மண்ணில் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்றையும் கவிழ்த்தாள்.

“எல்லாம் பாத்தாச்சான்னு அவரு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“எத்தன தடவ கேட்டாரு?”

“ஒரு தடவதான்.”

“எதையும் ரெண்டு தடவ கேக்குற மனுசன்.” அவள் கதவில் கை வைத்தாள். “உங்ககிட்ட ஒரு தடவ போதும்னு நெனச்சிருக்காரு.”

கதவைச் சாத்தினாள்.

இனி இந்தக் கரையில் எந்த இன்ஜினையும் ரூபஸ் தொடக் கூடாது என்று கமிட்டி சொன்னது. டெக்லாவின் பட்டறைக்கு வரும் படகுக்காரர்களில் பாதிப் பேர் வேறு ஊருக்கு இன்ஜினைத் தூக்கிப் போகத் தொடங்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து ரூபஸ் வந்து பட்டறைக்கு வெளியே நின்றார். டெக்லா ஒரு புரொப்பல்லரில் சிக்கிய தங்கூசி நைலான் நரம்பை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே?”

“சொல்லிட்டேன் மேஸ்திரி. எல்லாரு முன்னாலயும் சொன்னேன். ரீத்தாகிட்டயும் சொன்னேன்.”

“தெரியும்.”

“சொன்னா எறங்கிரும்னு நெனச்சேன். எறங்கல. கண்ண மூடினா கஸ்பாரு வந்து கேக்குறான். சோறு எறங்கல. சொல்லாம இருந்தப்பகூட இப்படி இல்ல. எனக்குப் பாரம் கொஞ்சங்கூட எறங்கலையே மேஸ்திரி. ஏன்?”

டெக்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

“தோபியாஸ் இன்னைக்கு எங்க சாப்பிட்டாரு?”

ரூபஸ் யோசித்தார். “அவன் அக்கா வீட்டுல. உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வரும்போது பாத்தேன்.”

“பெறகென்ன? நீங்க யாரு பாரத்த எறக்கப் போனீங்க?”